நாற்காலியை விட்டுவிட்டுப் போ

செஞ்சி,
12.8.2025

மகள் பூங்குழலிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் நம் பெண் நகர்மன்ற உறுப்பினர் ஆகிவிட்டாள் என்று கூட்டு ரோட்டில் இருபதடி பேனர் வைத்தவன் நான். உன் கட்சிக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்காமல் நம் கட்சிக் கொடியையே அச்சடித்து, "அங்கயும் நம்ம கட்சிதான்" என்று அவலூர்பேட்டை வரைக்கும் சொல்லித் திரிந்தேன். இப்போது கட்சி மாறிவிட்டாயாம். டீக்கடையில் அன்புச்செல்வன், "இன்னா தலைவரே, பொண்ணு தாவிடுச்சாமே?" என்று சிரிக்கிறான். முப்பத்தைந்து வருடமாகக் கிளைச் செயலாளராக இருக்கிறவனுக்கு இது தேவையா?

மாறுவது உன் இஷ்டம். பதவி கட்சி கொடுத்தது. ராஜினாமா செய்துவிட்டுப் போ. அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
விநாயகம்

30.8.2025

அன்புள்ள நைனாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

இந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு பிரசவ வார்டு. அதை மூட என் கட்சி சம்மதித்துவிட்டது. மூட விடமாட்டேன் என்று வாசல் வாசலாகச் சொல்லி ஓட்டுக் கேட்டவள் நான். அதனால் எதிர்க்கிற கட்சியில் சேர்ந்தேன். நான் விலகினால் பழைய கட்சியின் பட்டியலில் அடுத்திருப்பவர் என் இடத்துக்கு வந்து, மூடுவதற்குக் கை தூக்குவார். டிசம்பரில் வாக்கெடுப்பு. ஒரு ஓட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "போட்றாரு. உன் பேரச் சொன்னாத்தான் எழுந்து போயிட்றாரு" என்றார். அழுதுவிட்டேன். ஆனாலும் நாற்காலியை விடமாட்டேன், நைனா.

உங்கள் மகள்,
பூங்குழலி

10.12.2025

அன்புள்ள நைனாவுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று வாக்கெடுப்பு நடந்தது. பதினெட்டுக்குப் பதினேழு. வார்டை மூடமாட்டார்கள்.

என்னை அரசியலுக்கு அழைத்து வந்த பழைய கட்சிப் பெரியவர் எனக்குக் கை கொடுக்காமல் போனார். வலிக்கத்தான் செய்தது.

மார்ச்சில் தேர்தல். புதிய கட்சியில் நிற்கிறேன். நான் செய்தது சரியா தப்பா என்று ஜனங்களே சொல்லட்டும். நீங்கள் பேசாவிட்டாலும் நிற்பேன். பேசினால் நன்றாக இருக்கும்.

பூங்குழலி

செஞ்சி,
2.1.2026

கண்ணு பூங்குழலிக்கு,

உன் கடிதத்தை அம்மா படித்துக் காட்டினாள். பிறகு நானே இரண்டு முறை படித்தேன்.

நேற்று அன்புச்செல்வன் மறுபடியும் ஆரம்பித்தான். "அந்த ஊர்ல புள்ள பெத்துக்க ஒரு எடம் இருக்குதுன்னா அது எம் பொண்ணாலதான். நீ இன்னா கிழிச்ச?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

இருந்தாலும் நீ செய்தது எனக்கு ஒப்பவில்லை. கட்சியின் பேரில் ஜெயித்த இடம் கட்சிக்குத்தான். எப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

தேர்தல் வேலையைத் தள்ளிப்போடாதே. வயதானவர்கள் வீட்டில் நின்றுகொண்டே பேசாமல் ஐந்து நிமிடமாவது உட்கார். நோட்டீஸை நீயே கையில் கொடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். எனக்கு அந்த ஊரில் ஓட்டு இருந்தால் தினமும் உன்கூட வாசல் வாசலாக வந்து உனக்காக ஓட்டுக் கேட்பேன். என் ஓட்டை மட்டும் உன் பழைய கட்சிக்குத்தான் போடுவேன்.

ஜெயித்து வா.

உன் நைனா