அப்பா ஹெல்மெட்டில் குடிவந்த குருவிக்கு இங்கிலீஷ் பேர்

அன்புள்ள மகள் கல்பனாவுக்கு அம்மா குணசுந்தரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் நம்ம பசுமாடும் சௌக்கியம், முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாம கூடவே இருக்குது. கத்தார்ல நீ ஆஸ்பத்திரி டூட்டின்னு சாப்பாட்டைத் தள்ளிப்போடாம உடம்பைப் பாத்துக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். போன்ல பேசினா நீயும் அழுவுற, நானும் அழுவுறேன், ஒரு சேதியும் முடியமாட்டேங்குது, அதான் எழுதறேன். அப்பா வாட்ச்மேனா இருந்த கும்மிடிப்பூண்டி கம்பெனியில ஆபீஸ் பொண்ணு ஏஞ்சலின் இதை போட்டோ புடிச்சு அனுப்பும்.

அப்பா போய் ஆறு மாசம் ஆயிடுச்சு. அவரோட மஞ்ச ஹெல்மெட்டை கேட் ரூம் ஆணியில மாட்டினபடியே விட்டிருந்தாங்க, அதுக்குள்ள ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூணு முட்டை வெச்சிருக்குது. புது வாட்ச்மேன் வெங்கடேசன் உள்ள போனா தலைக்கு மேலயே வந்து கத்துதாம், பாவம் அவன் வெளியே குடையைப் புடிச்சிக்கினு உக்காந்து ரிஜிஸ்டர் எழுதறான். மேனேஜர் நல்ல மனுஷன், கலைக்க வேணாம், ராஜமாணிக்கம் ஞாபகமா ஒரு போர்டு வெச்சிடலாம்னாரு. வெளிநாட்டு ஆளுங்க, ஒடிசா பசங்க எல்லாம் வர்ற இடம், இங்கிலீஷ்லதான் எழுதணும், அவர் பேரோட வர்ற போர்டாச்சே, எழுதறதுக்கு முன்னாடி குடும்பத்துல ஒரு வார்த்தை கேக்கணும்னு என்னைக் கூப்பிட்டாரு.

அங்கதான் வந்துது பேஜாரு. ஏஞ்சலின் போன்ல தேடி, ரெட் வென்டட் புல்புல்னு சொல்லிச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துது. கூட வந்த உன் பூவம்மாள் அத்தை சும்மா இருந்தாளா, அப்படின்னா இன்னாம்மா அர்த்தம்னு கேட்டுட்டா. அந்தப் பொண்ணு நெளிஞ்சுக்கினே, வாலுக்குக் கீழ சிவப்பா இருக்கும்ல ஆன்ட்டி, அதுதான்னு சொல்லிச்சு. அத்தைக்கு வந்துதே ஆத்திரம். எங்க அண்ணன் பேரு போடற போர்டுல சிவப்புக் குண்டின்னு எழுதுவீங்களா, தலையில அவ்ளோ அழகா கொண்டை இருக்குது, அதை விட்டுட்டு வெள்ளைக்காரன் ஏன் அங்க போய்ப் பாத்தான்னு கேட்டா. மேனேஜர் டீயை வாயில வெச்சிக்கினே சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு. வெறும் புல்புல்னு போடலாம்னா அதுல நிறைய வகை இருக்குதாம். சிவப்பு மீசை புல்புல்னு வேற ஒரு குருவி இருக்குதாம், ராஜமாணிக்கம் அண்ணனுக்கும் மீசை இருந்துதே, அதையே போட்டுடுங்க, யாரு வாலைத் தூக்கிப் பாக்கப்போறான்னான் வெங்கடேசன். அத்தை உடனே சரின்னுட்டா. எனக்குத்தான் மனசு ஒப்பல. மேனேஜரோட மச்சானே வந்தப்பகூட சரியா பேரு எழுதின பிறகுதான் கேட் திறந்தாரு உங்கப்பா. அவர் பேரு இருக்கற போர்டுல பொய்ப் பேரை எழுதறதா. அது சிவப்பா இருக்கறது எங்கேயோ அங்கேயே இருக்கட்டும், குருவியோட நிஜப் பேரையே எழுதுங்கன்னுட்டேன். அத்தை ரெண்டு நாள் என்கூடப் பேசல.

வெள்ளிக்கிழமை போர்டு வெச்சாங்க. சந்தனம் குங்குமத்தை அத்தை கையில கொடுத்தாங்க, நான் பின்னால நின்னுக்கினு இருந்தேன். அத்தை கிட்ட வந்து, அந்த அசிங்கம் எந்த வரிம்மான்னு மெதுவா கேட்டா. எனக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமா, குருவிக்கு வெக்கிற போர்டாச்சே, அது பேருதான் பெருசா இருக்கும்னு பெரிய எழுத்தைக் காட்டினேன். அத்தை அந்த வரியை விட்டுட்டு மத்த வரிக்கெல்லாம் பொட்டு வெச்சு, கற்பூரமும் காட்டிட்டா. எல்லாரும் கேசரி சாப்பிடப் போனப்புறம் ஏஞ்சலின் காதுல வந்து சொல்லுது, ஆன்ட்டி, நீங்க விட்டது அங்கிள் பேருன்னு. குருவியோட பின்பக்கத்துக்குப் பூசை பண்ணிட்டு உங்கப்பாவை அம்போன்னு விட்டிருக்கோம். எனக்கு வந்த சிரிப்புல முந்தானையை வாயில வெச்சு அடைச்சிக்கினேன். தட்டுல சந்தனமும் குங்குமமும் மிச்சம் இருந்துது. நான் தொடலாமா கூடாதான்னு யாரையும் கேக்கல. அவர் பேருக்கு நானே வெச்சேன்.

அத்தை போன் பண்ணினா பூசை நல்லா நடந்துதாமேன்னு மட்டும் சொல்லு, மத்ததை வாய் திறக்காதே. ராத்திரி டூட்டிக்குப் போறப்ப காதை மூடிக்கோ, ஏசி காத்து உனக்கு ஆகாது. நீ கை வெச்சுப் பாக்கற நோயாளிங்க எல்லாம் நல்லபடியா வீடு போய்ச் சேரணும், நீயும் குறையில்லாம இருந்து என் கண்ணு முன்னால வந்து நிக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. குணசுந்தரி