பக்கத்து மாநிலத்து மழை

மதிப்பிற்குரிய சார்,

நேற்று உங்கள் பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் நம் மின்வாரியக் கட்டுப்பாட்டு அறையின் பழைய மின்சாரக் கடிகாரம் மாட்டியிருந்தது. ஓய்வு பெறும்போது கேட்டு வாங்கிப் போனீர்களே, அதேதான். வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் பெரிய மனிதர் என்றார்கள். நான் பாயசத்தைக் குடித்தேன்.

மின்சாரத்தின் வேகத்துக்கு ஓடும் கடிகாரம் அது. தட்டுப்பாட்டில் கரண்ட் தளர்ந்தால் முள்ளும் பின்தங்கும். அறுபதுகளின் கடைசியில் தினமும் பின்தங்கியது. அதற்கு நீங்கள் செய்த வைத்தியம், காலையில் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைத்ததுதான். மேலதிகாரி வந்தால் எல்லாம் சரியாகத் தெரிய வேண்டுமாம். இதற்கு ஒரு இன்ஜினீயர் படிப்பு.

அப்படி ஒரு வருடம் ஆடியில் பக்கத்து மாநிலத்தில் மழை கொட்டி, அணை நிரம்பி, தண்ணீர் வீணாய்க் கடலுக்குப் போனது. இங்கே தாம்பரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை பாதிப் பகல் கரண்ட் இல்லை. இரண்டு மாநிலத்தையும் இணைக்கும் கம்பி தயாராக இருந்தது. அவர்களுடைய ஆற்று மின்சாரத்தை இப்போது வாங்கிக்கொண்டு, ஐப்பசியில் நம் அணைகள் நிரம்பியதும் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு போன் போட்டால் போதும். "கேக்கறவன் கீழ ஆயிடுவான்யா. வழியறது அவன் அணை. அவனே கூப்பிடட்டும்" என்றீர்கள். அந்தப் பக்கத்து அதிகாரியும் உங்களைப் போலவே ஒரு மேதை. இரண்டு பேரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு விவசாயி தினமும் சைக்கிளில் வந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. நீங்கள் அவரை உள்ளே விடவே மாட்டீர்கள். என்னிடம்தான் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் தண்ணி பாய்ச்சலன்னா நாத்து கருகிடும் சார்."

மறுநாள் நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் நானே போன் போட்டேன். எதிர்முனையில் பேசிய இளைஞரும் தன் அதிகாரி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சம்மதித்தார். இரண்டு பக்கமும் வேகத்தைச் சரிபார்த்து இணைத்தோம். கரண்ட் வந்தது.

நான்கு மணிக்கு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தீர்கள். யார் கேட்டது என்றீர்கள். நான்தான் என்றேன். உடனே துண்டிக்கச் சொன்னீர்கள். அவர்கள் எழுத்து மூலம் கேட்டால் பிறகு பார்க்கலாமாம். உங்கள் முகத்தில் துளி வெட்கம் இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நானும் துண்டித்தேன்.

இப்போது அந்தக் கம்பியில் தினமும் மின்சாரம் போய் வருகிறது. யாரும் கீழே ஆகிவிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் விவசாயி மறுபடி வந்தார். நாற்று போய்விட்டது என்றார். ஒரு மத்தியானம் மட்டும் வந்த கரண்ட் ஏன் நின்றது என்று கேட்டார். உங்களை நான் எவ்வளவு வேண்டுமானாலும் காறித் துப்பலாம், சார். ஆனால், "நான் கேட்டு வாங்கினேன், பக்கத்து மாநிலத்துக்காரன் நிறுத்திட்டான்" என்று அவரிடம் சொன்னது நான்தான். அவர் அந்த ஊர்க்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு, நீங்களாவது கேட்டுப் பார்த்தீர்களே என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார். அந்தக் கும்பிடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.