கணக்கில் வராதவர்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், முட்டியைத் தவிர. என் வீட்டெதிரே உள்ள சிக்னலுக்கு நேரம் குறித்தது நீதான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். இப்போது வாயைத் திறப்பதில்லை. நடப்பவர்களுக்கான பச்சை பதினெட்டு விநாடிதான் எரிகிறது. ஜனவரியில் பாதிச் சாலையில் மாட்டிக்கொண்டேன். ஒருவன் காரிலிருந்து தலையை நீட்டி, "வீட்ல ஆளே இல்லையாம்மா?" என்று கத்தினான். அன்றிலிருந்து எதிர்ப்பக்க நூலகத்துக்குப் போகவில்லை. மருந்துகூடப் பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் வாங்கித் தருகிறார். ஏதாவது செய்யேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அது விதிப்படி வைத்த நேரம். கூட்டினால் வண்டிகள் பாலம்வரை தேங்கும், பழி என் தலையில் விடியும். எங்களோடு வந்து இரு என்று எத்தனை தடவை சொல்வது? இங்கே நீ தெருவில் இறங்கவே வேண்டாம். பிடிவாதத்துக்கும் அளவுண்டு.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

சாலையைக் கடக்க வழி கேட்டால், சாலையே வேண்டாம் என்கிறாய். உன் பாசம் புரிகிறது. ஆனால் இந்தத் தெருவில் நான் கணக்கு டீச்சர். உன் வீட்டில் வெறும் அக்கா. நாளை முதல் தினமும் பத்து மணிக்குக் கடக்கப் போகிறேன். நடப்பது நடக்கட்டும்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

செவ்வாயன்று உன்னிடம் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். பச்சை அணைந்தபோது நீ நடுச்சாலையில் இருந்தாய். பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் ஓடி வருவதற்குள் தையல்காரர் குறுக்கே பாய்ந்து, "யோவ், நிறுத்துய்யா!" என்றார். உன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த நான்கு நாளும் வந்தேன். வயதானவர்கள் பதினோரு பேர் ஓரம்வரை வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்கள். கடப்பவர்களைத்தான் நாங்கள் எண்ணுவோம். திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி, "நேரத்தைக் கூட்டினா ஊரே நின்னுடும்" என்றார். "எங்க அக்கா ஏற்கெனவே நடுரோட்டுல நிக்கிறாங்க சார்" என்றேன். திங்கள் முதல் முப்பத்தாறு விநாடி. ஒரு மாதச் சோதனைதான், அதற்குமேலும் நீட்டிக்கப் போராடுகிறேன்.

இனி உன்னை வந்துவிடு என்று கேட்கமாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 6

என் அருமைத் தம்பிக்கு,

கடந்துவிட்டேன். அந்தப் பக்கம் போனபிறகும் பச்சை எரிந்துகொண்டிருந்தது, நின்று பார்த்தேன்.

இரண்டு வருஷமாக உன் வீட்டுப் பக்கம் வராததற்கு முட்டியைக் காரணம் சொன்னேன். பொய். வந்தால் திருப்பி அனுப்பமாட்டீர்கள் என்று பயம். இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன். சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸில் என்னைத் திரும்ப ஏற்றிவிடு.

அக்கா