பிரித்துவிட்ட தையல்

மார்ச் 4

நீலச் சட்டையின் வலது கையைப் பிரித்துக் கால் அங்குலம் விட்டேன். துவைத்ததில் சுருங்கிவிட்டது. என் சட்டைகளுக்கு உள்ளே எப்போதும் துணி தாராளமாக மடித்து விட்டிருப்பேன், அதனால் கவலை இல்லை.

துவைத்தால் இரண்டு கையும் சேர்ந்துதானே சுருங்க வேண்டும்?

போகட்டும். கடையில் ஏழு கால்சட்டை கிடக்கின்றன.

மார்ச் 19

கத்தரிக்கோல் வளையத்தில் கட்டைவிரல் சிக்கிக்கொண்டது. எதிரே ஒரு வாடிக்கையாளர், கோட்டுப் பொத்தான் எட்டவில்லை என்று வந்தவர். “உடம்ப ஒண்ணும் திட்டாதீங்க சார், பிரிச்சு விட்டா சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே விரலை உருவினேன். இருபது வருடமாக எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

மார்ச் 28

அக்கா போன் செய்தாள். கை வீங்குகிறது, சாயங்காலமானால் மூட்டை மாதிரி கனக்கிறது என்றேன். “கேன்சரையே ஓட ஓட விரட்டினவ. கை வீங்குனதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறே? உயிரோட இருக்கேல்ல, அதப் பாரு.”

பார்க்கிறேன். இரண்டு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன். வலது மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்ததை எடுத்தார்கள், இருபத்தைந்து நாள் கதிர் வைத்தார்கள். எதற்கும் நான் முணுமுணுக்கவில்லை. பிழைத்தவள் வாயைத் திறக்கவே கூடாதா?

ஏப்ரல் 11

ஆறு மாதப் பரிசோதனை. “கட்டி எதுவும் இல்ல. சந்தோஷமாப் போயிட்டு வாங்க” என்றார் டாக்டர். கையைக் காட்டினேன். “ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். ரெஸ்ட் குடுங்க.” வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கைக்கா ரெஸ்ட்? பிழைப்பே இந்தக் கையில்தான்.

ஏப்ரல் 13

வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கிறார். அதற்குப் பிறகு இன்னும் கனக்கிறது. சொல்ல மனசு வரவில்லை. “சுகமா இருக்கு” என்றேன்.

ஏப்ரல் 30

தடித்த கோட்டுத் துணி. தள்ளும்போது ஊசியின் காது நடுவிரலில் ஏறிவிட்டது. எனக்கு இது புதிதா என்ன.

மே 3

குளிர்கிறது. தோள்வரை சிவந்துவிட்டது. அவர் வண்டி கூப்பிடப் போயிருக்கிறார். பயமாக இருக்கு. கையை எடுத்துடுவாங்களோ

மே 7

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல. நாலு நாள் ஆஸ்பத்திரி. கை இருக்கிறது.

நர்ஸ்தான் பேர் சொன்னாள். “இது நிணநீர் வீக்கம்க்கா. இத்தன நாளா யாரும் சொல்லலையா?” அக்குளில் எடுத்தது, கையில் ஊறும் நீர் வடிகிற வழியாம். மிச்சத்தைக் கதிர் சுட்டுவிட்டது. வழியில்லாமல் நீர் தேங்குகிறது, சின்னக் காயம் பட்டாலும் கிருமி பிடித்துக்கொள்கிறது. விரலில் குத்தினால் உடனே கழுவி மருந்து போட வேண்டும். சூடு வைக்கவே கூடாது.

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. “நாந்தான் வேக வச்சிட்டேனா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்களாம். வேறு ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை மட்டும். மாத்திரை அட்டையின் பின்னால் எழுதித் தந்தாள்.

மே 20, செவ்வாய்

இரண்டு பஸ். துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. அங்கே கை பார்க்கும் அம்மா டேப்பை எடுத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. நான் கைக்கு ஒரே இடத்தில்தான் அளப்பேன். அவர் மணிக்கட்டிலிருந்து மேலே ஒன்பது இடத்தில், இரண்டு கையையும் அளந்தார். மேற்கையில் இரண்டு அங்குலம் வித்தியாசம்.

“எப்பலேருந்து வீக்கம்?”

“ரெண்டு மூணு மாசமா.”

அளப்பதற்காகக் கழற்றிய நீலச் சட்டை நாற்காலியில் உள்பக்கம் தெரியக் கிடந்தது. வலது கையில் பழைய தையலின் ஓட்டைகள், மூன்று வரிசை. ஒவ்வொன்றும் நான் பிரித்தது. முதல் வரிசை போன ஆகஸ்டில்.

“இல்லைங்க. ஒம்பது மாசமாச்சு.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “அப்பவே வந்திருந்தா பழைய அளவுக்கே கொண்டுவந்திருக்கலாம்மா. இப்ப உள்ள இறுகிப் போச்சு. குறைக்கலாம். பழையபடி ஆகாது.”

டாக்டர் சொல்லவில்லை என்று கோபப்படுகிறேன். சரி. ஆனால் மூன்று தரம் பிரித்தவள் யார்? ஊசியும் கையுமாக உட்கார்ந்து என்னையே ஏமாற்றியிருக்கிறேன். பஸ்ஸில் அழுதேன்.

ஜூன் 9

விரலிலிருந்து தோள்வரை நாலு சுற்றுக் கட்டு. கைக்கு மட்டும் குளிர்காலம். கட்டும் முறையை அவர் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். “உன்னைக் கட்டிக்கிட்டவன் நான்தானே, கையையும் நானே கட்டுறேன்.” சிரிப்பு வந்தது, ரொம்ப நாளுக்குப் பிறகு. அவர் சிரிக்கவில்லை. இறுக்கமா, இறுக்கமா என்று பத்துத் தரம் கேட்டார்.

கடைப் பலகையில் எழுதிவிட்டேன்: கோட்டு வேலை எடுப்பதில்லை.

நன்றாகச் செய்தது அந்த ஒரு வேலைதான்.

ஜூலை 1, செவ்வாய்

வித்தியாசம் ஒன்றேகால் அங்குலமாகிவிட்டது. இதற்கு மேல் குறையாது போலிருக்கிறது. கட்டுக்குப் பதில் இறுக்கமான கையுறை தந்தார், தோள்வரை. காலையில் போட்டால் படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும்.

“எத்தனை நாளைக்கு?”

அந்த அம்மா கையுறையின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூலை 6

எனக்கு ஒரு சட்டை வெட்டினேன். அளவு நோட்டில் கைச்சுற்றுக்கு ஒரே கட்டம்தான். எல்லோருக்கும் இரண்டு கையும் ஒன்று என்றுதான் இத்தனை வருடமும் எழுதினேன். குறுக்கே ஒரு கோடு போட்டு எழுதினேன்: வலது பதிமூன்றேகால், இடது பன்னிரண்டு.

துணியை மடித்துப் போட்டு வெட்டவில்லை. தனித்தனியாக வெட்டினேன். வலது கையில், பின்னால் பிரித்துவிடலாம் என்று உள்ளே துணி எதுவும் விடவில்லை.