அப்பாவின் இடது கை

எம்.ரெட்டியபட்டி,
வியாழக்கிழமை.

அன்புள்ள கோகுல் அண்ணனுக்கு, தங்கை பிரவீணா எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் உங்கள் குரல் சற்று உயர்ந்தாலும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். கடிதம் என்றால் பாதியில் நிற்காது. நாளை திருப்பூர் வரும் முனீஸ்வரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணியும் பாப்பாவும் நலமா? இங்கே பருத்திக் காய் சிறுத்துப்போனது. கடையில் யாவாரம் மந்தம்.

பொங்கலன்று அப்பா கடை வாசலில் சரிந்தது குடியால் இல்லை. தினமும் சாமிப் படத்துக்கு வாங்கும் பூவை வலது கையில் வைத்திருப்பார், கீழே வைக்க மாட்டார். ஷட்டரை இடது கையால்தான் தூக்குவார். தூக்கி முடிப்பதற்குள் கண் இருட்டி, நாக்குக் குழறும். டீக்கடைக் காசிராஜன் மாமா, "அண்ணாச்சி காலங்காத்தாலயே ஏத்திட்டாரு" என்று சிரிப்பார். நானும் அதை நம்பி உங்களிடம் சொன்னேன். காலேஜ் படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீங்களும் நம்பி, அப்பாவை முகத்துக்கு நேரே குடிகாரர் என்றுவிட்டீர்கள்.

போன வாரம் திருச்சுழிக்குப் பிரஷர் பார்க்கப் போனோம். "வலது யாவாரக் கை, அதுல பட்டையச் சுத்தாதீக" என்று எப்போதும் இடதையே நீட்டுவார். அளவு குறைவு, உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அந்தக் கை மட்டும் சில்லென்றிருந்தது. கூச்சத்தோடு நர்சிடம் வலதிலும் பார்க்கச் சொன்னேன். இடதில் நூறு, வலதில் நூற்றெழுபது. "ரெண்டும் ஒரே ஆளு கைதானா அண்ணாச்சி?" என்று நர்ஸ் பட்டையை மறுபடி சுற்றி அளந்தார்.

அங்கிருந்து அனுப்பிவைத்த மதுரை டாக்டர் சொல்கிறார்: இடது கைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது. கையை வேலை வாங்கினால் மூளைக்குப் போகவேண்டிய ரத்தத்தை அது இழுத்துக்கொள்கிறதாம். வழக்கமாகக் கொழுப்புதான் அடைக்கும். அப்பாவுக்கோ குழாயின் சுவரே வீங்கியிருக்கலாம், அது அபூர்வம் என்கிறார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பக்கவாதம் வரலாம்.

அப்பா வரமாட்டேன் என்கிறார். "பெத்த மகனே குடிகாரன்னுட்டான். இனி யாருக்கு நிரூபிக்க?" என்கிறார். இன்றும் ஷட்டரைத் தொடவிடாமல் என்னைத் தள்ளிவிட்டார். அடுப்படியில் தட்டு விழுந்தாலும் அப்பாதான் விழுந்துவிட்டாரோ என்று கடை வாசலுக்கு ஓடுகிறேன்.

உங்களிடம் சொன்னது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரியாது. அதை நானே சொல்லிக்கொள்கிறேன், வருவது வரட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, "கிளம்புங்கப்பா" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் அண்ணா. நீங்கள் சொன்னால் சட்டையை மாட்டிக்கொள்வார்.

உங்கள் தங்கை,
பிரவீணா