விஜயனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதே

கிள்ளான்
தாது வருடம், ஆவணி 3

சிரஞ்சீவி ரெங்கசாமிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அம்மாவின் முட்டிவலி நீங்கலாக எல்லாரும் சுகம், பினாங்கில் நீயும் குழந்தைகளும் சுகமாயிருக்க முருகன் துணை. அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புவோம். மருமகளே புஷ்பவல்லி, உன் புருஷனுக்கு இதை வாசித்துக் காட்டும்போது கூச்சப்பட்டு எதையும் விட்டுவிடாதே அம்மா.

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப்பள்ளி வாத்தியார்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டிருந்தார்கள். முப்பது வருஷம் சாக்குக்கட்டி பிடித்தவனுக்கு இனி என்ன பயிற்சி என்ற இளக்காரத்தோடுதான் ரயிலேறினேன். நடத்த வந்தவர் ஜெயராஜ் என்று ஒரு சின்ன வயசுக்காரர். மூன்றாம் வகுப்புப் பாடத்தைக் கரும்பலகையில், எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டு எழுதிவிட்டு, என்னை எழுப்பி மளமளவென்று வாசிக்கச் சொன்னார். நாக்குக் குழறிவிட்டது. இதுகூட வரலியா வாத்தியாரே, சோம்பேறித்தனமா, ஏறுங்க பெஞ்சி மேலே என்றார். ஐம்பத்துநாலு வயசில் பெஞ்சி மேல் நின்றேனடா, எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு ஆத்திரத்தில் சட்டையெல்லாம் வியர்த்து நனைந்துவிட்டது. அப்புறம் அவரே கைகொடுத்து இறக்கிவிட்டு, சில பிள்ளைகளுக்கு எழுத்து தினமும் இப்படித்தான் குழப்பும், கண்ணிலும் கோளாறில்லை, புத்தியிலும் கோளாறில்லை, அடித்தால் வராது, மணலில் விரலால் எழுதி வாய்விட்டுச் சொல்ல வைத்தால் மெல்ல வரும் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சிரிக்கிறதே என்று உன் முதுகில் எத்தனை ரோத்தான் பிரம்பு பிய்ந்தது! அம்மா குறுக்கே வந்தபோதுகூட அடியாத மாடு படியாது என்று அவளைத் தள்ளிவிட்டேன். எழுத்தெல்லாம் ஓடுதுப்பா என்று ஏழு வயசில் நீ சொன்னாய், பொய் சொல்கிறாய் என்று அதற்கும் தனியாக அடித்தேன். பாவி, பாவி. லோரி எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் பூட்டுகிற உன்னையா மக்கு என்றேன்.

இப்போது என் பேரன் விஜயனும் எழுத்தை மாற்றி மாற்றி எழுதுகிறான், அடித்துப் பார்த்தாயிற்று, பள்ளியை நிறுத்திப் பட்டறைக்குக் கூட்டிப் போகிறேன் என்று போன கடிதத்தில் எழுதச் சொல்லியிருந்தாய். அடிக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். வேண்டாமடா, பள்ளியிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடாதே, ரோத்தானை அடுப்பில் போடு. விடுமுறைக்கு அவனை இங்கே கொண்டுவா, நான் மணல் பரப்பி வைக்கிறேன்.

முருகன் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். மழைநாள், குழந்தைகளுக்குத் தலையைத் துவட்டிவிடுங்கள். பதில் போடு என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன். நீயே நேரில் வந்து என் முகத்துக்கு நேரே திட்டு. சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கன்னையா