எது வந்தாலும் சரி

காளிகாட்
18 நவம்பர் 2025

அனந்த்,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், அம்மா பயந்துவிடுவாள். அதனால்தான் மெயில்.

ஆபீஸ் விசாரணைக் கமிட்டியிடம், "அந்த டெஸ்ட் சஹானா எழுதியது" என்றாயாம். கமிட்டியில் இருக்கிற ஜெயபிரகாஷ் சொன்னார். புருஷன் சொன்னது என்று பேசாமல் இருக்கவா? எழுதியது நான்தான். நான் எழுதினபடியா இருந்தது?

டீம் லீடுக்கே பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. சாஃப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற டெஸ்டில் நிஜ எஸ்எம்எஸ் போகாது. அனுப்புகிற பகுதிக்குப் பதில் 'மாக்' என்கிற ஒரு போலியை நிறுத்தி, "இந்த நோயாளியின் லேப் ரிப்போர்ட்டை இந்த போனுக்குத்தானே அனுப்பச் சொன்னார்கள்?" என்று அதனிடம் கேட்கிறோம். அனுப்புகிற நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும் என்று அதற்கு மட்டும் 'எனி' மேட்ச்சர் போட்டாய். எது வந்தாலும் சரி. அதில் தப்பில்லை. ஒன்றுக்கு மேட்ச்சர் போட்டால் மற்றதற்கும் போடணும் என்று எரர் வந்தது. போன் நம்பரை 'ஈக்யூ' மேட்ச்சருக்குள் வைத்திருந்தால் இதுவேதான் வேண்டும் என்று அது பிடிவாதம் பிடித்திருக்கும். நீ போன் நம்பர் உட்பட எல்லாவற்றுக்கும் எனி போட்டாய். பிறகு யாரோ புரோகிராமை மாற்றி நம்பர்கள் இடம் மாறியபோதும் எல்லாம் சரி என்று டெஸ்ட் பச்சை காட்டியது.

கார்டன் ரீச்சில் இருக்கிற நோயாளி விஜயலக்ஷ்மிக்கு மார்பில் கட்டி. அவருக்குப் போனது வேறொருத்தியின் 'நார்மல்'. துர்கா பூஜை முடிந்து வலி வந்த பிறகுதான் டாக்டரிடம் போயிருக்கிறார். இப்போது அக்குளுக்கும் பரவிவிட்டதாம்.

சஹானா

ஜாதவ்பூர்
20 நவம்பர் 2025

அன்புள்ள சஹானா,

நீயில்லாத வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கீழ்வீட்டு அண்ணி, நம் பௌதி, தினமும் உன்னைக் கேட்கிறாள்.

அன்றைக்குப் புது வெர்ஷன் ரிலீஸ். டெஸ்ட் உடைந்தபடி இருந்தது, மேலே இருந்து போன் மேல் போன். பச்சையானால் போதும் என்றிருந்தது. யார்தான் செய்யவில்லை? இரண்டு பேருக்கும் வேலை போக வேண்டுமா? உனக்கு நல்ல பெயர் இருக்கிறது, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் ஆறட்டும்.

உன் அனந்த்

காளிகாட்
21 நவம்பர் 2025

அனந்த்,

என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். எது ஆறணும்? இத்தனை எழுதினாயே, விஜயலக்ஷ்மி எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்டாயா?

கமிட்டி முன்னால் போய் நீதான் மாற்றினாய் என்று சொல். அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சைப் பேசலாம்.

சஹானா

ஜாதவ்பூர்
25 நவம்பர் 2025

சஹானா கண்ணா,

போய்ச் சொல்லிவிட்டேன். "எங்கள் இருவருடைய கவனக்குறைவு" என்று எழுதியும் கொடுத்தாயிற்று. சேர்ந்தே தாங்கிக்கொள்வோம். வந்துவிடு.

அனந்த்

காளிகாட்
28 நவம்பர் 2025

அனந்த்,

இருவருடையதா? இப்படி எழுதியதற்கு நீ சும்மாவே இருந்திருக்கலாம். நடந்ததை நடந்தபடி நானே கமிட்டிக்கு எழுதிவிட்டேன். ஞாயிறு பகலில் வந்து என் சாமான்களை எடுத்துக்கொள்கிறேன். அப்போது நீ வெளியே இரு.

நேற்று கார்டன் ரீச் போனேன். விஜயலக்ஷ்மி கீமோ முடித்துப் படுத்திருந்தார். திட்டுவார் என்று நின்றேன். "கோபப்படக்கூடத் தெம்பில்லைம்மா, எனக்கும் சேர்த்து நீ கோபப்படு" என்றார்.

யார் மாற்றினது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். என் புருஷன் என்று சொல்லவில்லை.

சஹானா